போன் தெர்மல் கேமராவில் உள்ளங்கால்: ±3 டிகிரி கருவி 2.2 டிகிரியைப் பிடிக்குமா?

மணல்மேடு | 3 மார்ச் 2024, இரவு 9:40

சுகர் கிளினிக்குக்கு ஃப்ளிர் ஒன் ப்ரோ, அதாவது போனில் செருகுற தெர்மல் கேமரா, ஒண்ணு வந்திருக்கு. கூட வந்த தாளில் துல்லியம் ±3 டிகிரி செல்சியஸ்னு போட்டிருக்கு. கால் புண்ணுக்கு முன்னெச்சரிக்கை ரெண்டு காலுக்கும் நடுவில் 2.2 டிகிரி வித்தியாசம்னு எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கு. மூணு டிகிரி தப்புற தராசுல ரெண்டு டிகிரி நிறுத்துப் பார்க்க முடியுமா? இன்னைக்கு எடுத்தது: 58 வயசு, மரத்துப்போன கால், போன வருஷம் வலது முன்பாதத்தில் புண் வந்து ஆறியிருக்கு. கட்டைவிரலடி மேட்டில் வலது 33.8, இடது 31.9. பயப்படணுமா, இல்லே கேமரா காட்டுற வேடிக்கையா?

கால்நோட்டம் | 3 மார்ச், இரவு 10:55

தராசுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதிலேயே பதில் இருக்கு. படிக்கல் தப்பா இருந்தா கிலோ தப்பும். ஆனா ரெண்டு தட்டிலும் ரெண்டு தேங்காய் வெச்சா எது கனம்னு முள் சரியாத்தான் சொல்லும். ±3 டிகிரிங்கிறது படிக்கல் தப்பு. கேமரா எல்லாத்தையும் 2 டிகிரி கூட்டிக் காட்டினாலும் ரெண்டு காலுக்கும் சேர்த்தே கூட்டும், கழிக்கும்போது அது போயிடும். கழிச்ச பிறகும் நிக்கிறது சென்சாரின் நுணுக்கம். அது ப்ரோவுக்கு 70 மில்லிகெல்வின், அதாவது 0.07 டிகிரி. 2.2-க்கு அது தாராளம்.

2.2 எங்கேருந்து வந்துச்சுன்னா, அது 4 டிகிரி ஃபாரன்ஹீட். அமெரிக்காவில் 2004-லும் 2007-லும் வந்த ஆய்வுகளில் அதைத்தான் வெச்சாங்க. ஒவ்வொரு காலிலும் ஆறு இடம்: கட்டைவிரல், 1, 3, 5-ஆம் விரலடி மேடுகள், நடுப்பாதம், குதிகால். வலதையும் இடதையும் இடத்துக்கு இடம் கழிக்கணும். வித்தியாசம் 4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போனா நடையைக் குறைச்சுட்டு நர்சைக் கூப்பிடணும். 2007-ல் 173 பேரை 15 மாசம் பார்த்ததில், தினமும் வெப்பம் அளந்தவங்களில் 8.5 சதவீதம் பேருக்குப் புண் வந்தது. அளக்காத ரெண்டு குழுவிலும் 29.3, 30.4. அதே வருஷம் 225 பேரை வெச்சு நடந்த இன்னொண்ணில் 4.7-க்கு எதிரா 12.2.

தோல் கிழியறதுக்கு முன்னாடி, அழுத்தம் திரும்பத் திரும்ப விழுந்து உள்ளே திசு நசுங்கி வீங்கும். அந்த அழற்சியோட சூடுதான் இது. வலி தெரிஞ்ச காலா இருந்தா ஆள் நொண்டியிருப்பார். மரத்த காலுக்கு நொண்டத் தெரியாது.

உங்க 1.9-ஐ இன்னும் நம்ப வேண்டாம். எப்படி எடுத்தீங்கன்னு சொல்லுங்க.

கால்நோட்டம் | 3 மார்ச், இரவு 11:02

மேலே ஒண்ணு விட்டுப்போச்சு. கழிச்சா தப்பு போயிடும்னு சொன்னது ரெண்டு காலும் ஒரே படத்தில் இருந்தா மட்டும். வலது காலைத் தனியா, இடது காலைத் தனியா எடுத்துக் கழிச்சா அந்தக் கணக்கு செல்லாது. நடுவில் கேமரா ‘டிக்’னு ஒரு தடவை ஷட்டரை மூடித் தன்னைச் சரிபண்ணிக்கும். அதுக்கு முன்னாடி எடுத்ததும் பின்னாடி எடுத்ததும் ஒரு டிகிரிகூட விலகலாம்.

மணல்மேடு | 4 மார்ச், காலை 7:15

ஒரே படம்தான். ஆள் நாற்காலியில் உட்கார்ந்து எதிர் ஸ்டூலில் கால் நீட்டியிருந்தார். செருப்பைக் கழட்டினதும் எடுத்தது.

கால்நோட்டம் | 4 மார்ச், மதியம் 1:30

கழட்டினதும் எடுத்தது செருப்போட படம், காலோடதில்லை. வார் அழுத்தின இடம், மூடியிருந்த இடம், காத்து பட்ட இடம்னு மூணு வெப்பம் கலந்து நிக்கும். இப்படிச் செஞ்சு பாருங்க.

செருப்பும் சாக்ஸும் கழட்டி 10 முதல் 15 நிமிஷம் கால் நீட்டி இருக்கணும். உள்ளங்கால் எதையும் தொடக்கூடாது. மொசைக், கிரானைட் தரைன்னா கேட்கவே வேண்டாம், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றியிருந்தாலே அந்தக் கால் குளிர்ந்து போலி வித்தியாசம் வரும். ரெண்டு காலும் ஒண்ணையொண்ணு தொடாம ஒரு சாண் விலகியிருக்கட்டும். நம்ம ஆட்கள் காத்திருக்கிற பெஞ்சிலேயே ஒரு காலை மடக்கித் தொடைக்கு அடியில் வெச்சு உட்காருவாங்க. அந்தக் கால் சூடாத்தான் இருக்கும், அதுக்கப்புறம் வர்ற 15 நிமிஷம்தான் கணக்கு.

காத்தாடியை நிறுத்துங்க, இல்லே முகத்துக்குத் திருப்பி விடுங்க. ஏசி இருந்தா 24 கிட்ட வெச்சு, காத்து கால் மேல நேரா அடிக்காம பார்த்துக்கோங்க. கால் கழுவிட்டு வந்திருந்தா விரலிடுக்கு வரைக்கும் துடைச்சு நேரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணணும். ஈரம் ஆவியாகும்போது ரெண்டு டிகிரியைச் சத்தமில்லாம தின்னுடும்.

பின்னணிக்கு ஒரு தெர்மாக்கோல் பலகை போதும். கீழ்விளிம்பில் கணுக்கால் அகலத்துக்கு ரெண்டு வெட்டு வெட்டி, காலுக்கும் உடம்புக்கும் நடுவில் நிறுத்துங்க. வயிறு, முகம் எல்லாம் சூடா பின்னாடி தெரிஞ்சா பாதத்தோட விளிம்பு எதுன்னே புரியாது.

போனைப் பாதத்துக்கு நேரா, 40 செ.மீ. தூரத்தில். மேலேருந்து சாய்ச்சு எடுத்தா விரல்கள் வளைஞ்சு விலகி உண்மையைவிடக் குளிர்ச்சியாத் தெரியும். செயலியில் பரப்பு வகை ‘மேட்’னு இருக்கட்டும், அது 0.95. தோல் 0.98. அந்த வித்தியாசத்தால் வர்ற தப்பு ரெண்டு காலிலும் ஒண்ணுதான், விட்டுடலாம்.

சாலிடர் | 4 மார்ச், மாலை 6:48

கேமரா பக்கத்திலேருந்து ரெண்டு விஷயம். ஒண்ணு, போட்டதும் எடுக்காதீங்க. ±3-ங்கிறதே போட்டு 60 வினாடி கழிச்சுத்தான் பொருந்தும். அதுவும் கருவி 15 முதல் 35 டிகிரிக்குள் இருந்தா. உள்ளே சின்ன சிப்பும் பேட்டரியும் சூடாகிட்டே இருக்கிறதால அளவு நகர்ந்துக்கிட்டே இருக்கும். 5 நிமிஷம் ஓடவிட்டு, ஒரு ‘டிக்’ வந்த கையோட எடுங்க.

ரெண்டு, கால்நோட்டம் சார் சொன்ன தராசில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே படத்திலும் தட்டு ரெண்டும் சமமில்லை. இந்தச் சின்னச் சென்சார்களில் நடுவுக்கும் ஓரத்துக்கும், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அரை டிகிரிகூட விலகும். பக்கத்தில் போன் சூடா இருந்தா அந்தப் பக்கம் இன்னும் மோசம்.

கால்நோட்டம் | 4 மார்ச், இரவு 8:10

சாலிடர் சொல்றது சரி, நான் ‘போயிடும்’னு ஒரே போடா எழுதியிருக்கக்கூடாது. தீர்வு சுலபம். ஒரு படம் எடுத்ததும் போனைத் தலைகீழாகத் திருப்பி, 180 டிகிரி, இன்னொண்ணு எடுங்க. இப்போ வலது கால் சென்சாரில் முன்னாடி இடது கால் இருந்த இடத்தில் விழும். ரெண்டு வித்தியாசத்தோட சராசரிதான் உண்மை. ரெண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பாதி, கேமராவோட கோணல். ஒரு படத்தில் வலது சூடு, திருப்பினா இடது சூடுன்னு வந்தா சூடா இருக்கிறது கேமராதான்.

மணல்மேடு | 6 மார்ச், பகல் 11:20

நேத்து அதே ஆளை வரச்சொல்லி 15 நிமிஷம் வெச்சு எடுத்தேன். நேரா 1.9, தலைகீழா 1.1.

கால்நோட்டம் | 6 மார்ச், பகல் 11:26

அப்போ 1.5. கேமரா கோணல் 0.4. இந்த 0.4-ஐ எழுதி வெச்சுக்கோங்க. அடுத்த தடவையும் ஏறக்குறைய அதே வந்தா எடுக்கிற முறை கைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்.

சாலிடர் | 6 மார்ச், மாலை 5:05

ஆளில்லாமயே கேமராவைச் சோதிக்க ஒரு வழி: ரெண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரே குடத்துத் தண்ணி, கை பொறுக்கிற வெதுவெதுப்பு. கால் இருக்கிற இடத்தில் அதே இடைவெளியில் வெச்சு எடுங்க. 0.3-க்குள் இருந்தா நல்லது.

மணல்மேடு | 7 மார்ச், பகல் 12:40

கேன்டீன் டம்ளர் ரெண்டு கடன் வாங்கி எடுத்தாச்சு. ஒண்ணு 28.9, ஒண்ணு 31.2. தண்ணியில் தெர்மாமீட்டர் வெச்சா ரெண்டும் 37! கேமரா போச்சா?

சாலிடர் | 7 மார்ச், பகல் 12:52

கேமரா நல்லாத்தான் இருக்கு, நான் பாதியை எழுதாம விட்டுட்டேன். பளபளக்கிற உலோகம் தன் சூட்டை வெளியே காட்டாது, கண்ணாடி மாதிரி எதிரில் இருக்கிறதைத் திருப்பிக் காட்டும். நீங்க அளந்தது ஒண்ணில் சுவத்தை, ஒண்ணில் உங்களை. ஒவ்வொரு டம்ளர் மேலயும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு, நாலு விரற்கடை நீளம், குமிழி இல்லாம ஒட்டி ரெண்டு நிமிஷம் விட்டு டேப் மேல அளங்க.

மணல்மேடு | 7 மார்ச், மாலை 4:15

டேப் மேல 36.1, 35.4. திருப்பி எடுத்தா 35.6, 35.7. புரிஞ்சுது. அதே 0.4.

கால்நோட்டம் | 7 மார்ச், இரவு 9:30

இதே காரணத்துக்காக மெட்டி. கல்யாணமான பெண்களுக்கு ரெண்டாம் விரலில் பளிச்சுனு ஒரு குளிர் வளையம் தெரியும், அது ரத்த ஓட்டக் குறைவு இல்லை, வெள்ளி. கழட்ட முடிஞ்சா கழட்டட்டும். முடியலேன்னா அந்த விரலை விட்டுட்டு அடுத்த இடத்தைப் பாருங்க. ஆனா வீக்கத்தில் மெட்டி இறுகி விரலை அறுக்குதான்னு கண்ணால் கட்டாயம் பாருங்க. கொலுசு கணுக்காலில் இருக்கிறதால உள்ளங்கால் படத்துக்கு இடைஞ்சல் இல்லை.

மருதாணிச் சிவப்பால் ஒண்ணும் ஆகாது. தோல் கறுப்போ வெளுப்போ, இந்தக் கேமரா பார்க்கிற 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் எல்லாத் தோலும் ஒண்ணுதான். பச்சையா அரைச்சு வெச்சிருக்கிற மருதாணி, மஞ்சள் பத்து, அப்பவே தடவின தேங்காயெண்ணெய், களிம்பு, இதெல்லாம் இருந்தா அன்னைக்கு எடுக்காதீங்க.

மணல்மேடு | 10 மார்ச், காலை 9:00

பக்கத்துக் கிளினிக்கில் விலை குறைஞ்ச மாடல், ப்ரோ இல்லாதது. அதில் செய்யலாமா?

சாலிடர் | 10 மார்ச், காலை 10:35

கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டுக்குமே பார்வைக் கோணம் ஏறக்குறைய 55 × 43 டிகிரி. 40 செ.மீ. தூரத்தில் படம் ஏறக்குறைய 42 செ.மீ. அகலம், 31 செ.மீ. உயரம். ப்ரோவில் 160 புள்ளி, புள்ளிக்கு 2.6 மி.மீ. மத்ததில் 80 புள்ளி, 5.2 மி.மீ. நம்பத்தக்க அளவுக்குக் குறைஞ்சது 3 × 3 புள்ளி வேணும். ஆக, ப்ரோவில் 8 மி.மீ. வட்டம், மத்ததில் 16 மி.மீ. சுண்டுவிரல் 16 மி.மீ. இருக்குமா? 80 புள்ளிக் கேமராவில் சுண்டுவிரலை அளந்தா விரலும் அதுக்குப் பின்னாடி இருக்கிற தெர்மாக்கோலும் கலந்த சராசரிதான் கிடைக்கும். குதிகால், முன்பாத மேடுகளுக்கு ஓரளவு சரி. 2020-ல் வந்த கேட் எஸ்62 ப்ரோ மாதிரி கேமரா உள்ளேயே இருக்கிற போனிலும் 160 × 120 சென்சார்தான்.

இன்னொண்ணு. படத்தில் தெரியுற கால் கோடுகளை நம்பி விரல் வெச்சு அளக்காதீங்க. அந்தக் கோடுகள் பக்கத்தில் இருக்கிற சாதாக் கேமராவிலேருந்து எடுத்து மேலே வரையறது. கிட்டத்தில் ரெண்டும் ஒத்துப்போகாது, கோடு ஒரு விரல் தள்ளி நிக்கும். தூரச் சரிசெய்தலை இழுத்துப் பொருத்துங்க, இல்லே வெறும் வெப்பப் படத்துக்கு மாறி அளங்க.

கால்நோட்டம் | 10 மார்ச், பகல் 3:20

வண்ணத்தைப் பத்தியும் சொல்லிடணும். செயலி படத்தில் இருக்கிற குறைஞ்ச வெப்பத்தை நீலமாவும் கூடினதை வெள்ளை, சிவப்பாவும் தானா நீட்டிப் போட்டுக்கும். அரை டிகிரி வித்தியாசம்கூடத் தீப்பிடிச்ச மாதிரித் தெரியும். ஆளுக்கும் காட்டி, வீட்டிலும் காட்டி, எல்லாரும் பயந்து போவாங்க. அளவைப் பூட்டும் வசதி இருந்தா 24–36 போல ஒரே வீச்சில் பூட்டுங்க, எல்லாப் படத்துக்கும் அதே. எண்ணைப் பாருங்க, நிறத்தைப் பார்க்காதீங்க.

கால்நோட்டம் | 13 மார்ச், இரவு 10:10

பொய் எச்சரிக்கை வருமான்னு தனிப்பட முறையில் கேட்ட ஒருத்தருக்கு: ஆமா, நிறைய வரும். கால் மிதிச்சு நிக்கிற பாய் மாதிரி ஒரு கருவியை வெச்சு 129 பேரிடம் 2017-ல் வந்த ஆய்வில், 2.2 டிகிரி எல்லையில் 97 சதவீதப் புண்களை முன்கூட்டியே பிடிச்சுது, சராசரியா 37 நாள் முன்னாடி. ஆனா பொய் எச்சரிக்கை 57 சதவீதம். எல்லையை 3.2 ஆக்கினா பொய் 32-க்கு இறங்குச்சு, பிடிச்சதும் 70-க்கு இறங்குச்சு. எந்த எல்லை வெச்சாலும் எதையாவது கொடுத்துத்தான் வாங்கணும்.

பொய்யைக் குறைக்க ஒரு வழி: காலுக்குக் கால் இயல்பா இருக்கிற வித்தியாசத்தைக் கழிங்க. பழைய எலும்பு முறிவு, சுருள் நரம்பு, ஒரு பக்க ரத்தக்குழாய் அடைப்பு, இதெல்லாம் ஒரு முழுக் காலையே ஒரு டிகிரி சூடாகவோ குளிராகவோ வெச்சிருக்கும். உதாரணம்: வலது ஆறு இடத்தின் சராசரி 32.6, இடது 31.4. முழுக்கால் வித்தியாசம் 1.2. ஓரிடத்தில் வலது 34.1, இடது 31.7, வித்தியாசம் 2.4, எச்சரிக்கை அடிக்கும். 2.4-லிருந்து 1.2 போனா 1.2 மிச்சம். அது சூட்டுப்புள்ளி இல்லை, அந்தக் காலோட குணம்.

கால்நோட்டம் | 14 மார்ச், காலை 6:50

நேத்து எழுதினதை அப்படியே எடுத்துக்காதீங்க. முழுக்கால் சூட்டைக் கண்ணை மூடிட்டுக் கழிச்சா சார்கோ பாதம் கையைவிட்டுப் போயிடும்.

சார்கோவில் உள்ளே எலும்பும் மூட்டும் நொறுங்கிட்டிருக்கும். கால் முழுக்கச் சிவந்து, வீங்கி, சூடா, வலி மட்டும் கம்மியா இருக்கும். எதிர்க்காலைவிட 2 டிகிரிக்கு மேல சூடு. முதல் எக்ஸ்ரே சுத்தமா இருக்கலாம். சுளுக்கு, கௌட் (யூரிக் அமில மூட்டுவீக்கம்), செல்லுலைட்டிஸ் (தோலடித் தொற்று)னு பேர் வெச்சு நடக்கவிட்டா ஆறு வாரத்தில் பாதத்தின் வளைவு உட்கார்ந்து படகு மாதிரி ஆயிடும். படுக்கவெச்சு காலை 10 நிமிஷம் தூக்கிப்பிடிச்சா சார்கோவின் சிவப்பு வடியும், தொற்றோட சிவப்பு நிக்கும். இது துப்புதான், தீர்ப்பில்லை.

அதனால விதி இப்படி: முழுக்கால் வித்தியாசத்தைக் கழிக்கிறது பல வாரமா மாறாம இருக்கிற ஆளுக்கு மட்டும். புதுசா வந்த முழுக்கால் சூடு, 1.5 இருந்தாலும், வீக்கம் சேர்ந்தா அன்னைக்கே டாக்டர். மாவுக்கட்டு போட்ட சார்கோவிலும் எப்போ கட்டை எடுக்கலாம்னு பார்க்க இதே வித்தியாசத்தைத்தான் அளக்கிறாங்க.

மணல்மேடு | 14 மார்ச், காலை 8:05

அப்போ குளிர்ந்த கால் நல்ல காலா?

கால்நோட்டம் | 14 மார்ச், காலை 8:20

இல்லை. ரத்தம் போகாத காலும் குளிரும். ரத்தம் குறைஞ்ச காலில் அழற்சி இருந்தாலும் சூடேத்த ரத்தம் வராது, படம் அழகா நீலமா இருக்கும். நாடி தொட்டுப் பார்க்காம இந்தப் படத்தை வெச்சு யாரையும் ‘பரவாயில்லை, போங்க’ன்னு அனுப்பாதீங்க. ரெண்டு காலிலும் ஒரே இடத்தில் புண் கிளம்பினாலும் வித்தியாசம் பூஜ்யம்தான். ஒரு கால் எடுத்தவருக்குக் கழிக்க எதிர்க்காலே இல்லை, அவருக்கு அதே காலின் பக்கத்து இடங்களும் முந்தின நாள் அளவும்தான் துணை.

நாலாம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடுக்கில் வெந்துபோன தோல், நகத்தோரம், புறங்கால், இது எதுவும் இந்தப் படத்தில் இல்லை. தொடு உணர்ச்சியைச் சோதிக்கிற 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையும் கண்ணும் முதலில், கேமரா அப்புறம். ஏற்கனவே திறந்த புண் இருந்தா கேமராவுக்கு அங்கே வேலையே இல்லை. ஈரப் புண்ணின் நடு குளிர்ச்சியாக்கூடத் தெரியும்.

மணல்மேடு | 21 மார்ச், மாலை 6:30

அதே 58 வயசுக்காரர். செவ்வாய்: நேரா 3.0, திருப்பி 2.2. புதன்: 2.9, 2.1. மத்த ஐந்து இடத்திலும் 0.3-க்கு மேல இல்லை.

கால்நோட்டம் | 21 மார்ச், மாலை 6:41

2.6, 2.5. தொடர்ந்து ரெண்டு நாள், ஒரே இடம், மத்த இடம் அமைதி. இது கேமரா வேடிக்கை இல்லை. சர்வதேச வழிகாட்டுதலும் ரெண்டு நாள் தொடர்ந்தாத்தான் எண்ணச் சொல்லுது. நடையை இன்னைக்கே குறைக்கச் சொல்லுங்க, டாக்டரிடம் காட்டுங்க. காய்ப்பு இருக்கான்னு பாருங்க. தடிமனான காய்ப்பு சூட்டை மறைக்கும், 2.5-ங்கிறதே குறைச்சலா இருக்கலாம். செருப்பைக் கையில் வாங்கி உள்ளே விரல் விட்டுத் தடவுங்க.

மணல்மேடு | 22 மார்ச், மதியம் 2:10

எம்.சி.ஆர். (மெத்துனு இருக்கிற நுண்துளை ரப்பர்) செருப்புதான். கட்டைவிரலடியில் மெத்தை பாதியா அமுங்கி, அடி ரப்பர் விரலுக்குத் தட்டுப்படுது. காய்ப்பு இருந்துச்சு. டாக்டர் சீவினதும் அடியில் கறுப்பா ரத்தக்கசிவு.

கால்நோட்டம் | 22 மார்ச், மதியம் 2:25

அதுதான் புண்ணுக்கு முந்தின படி. காய்ப்பு சீவின பிறகு அளவு புதுசா ஆரம்பிக்கும், பழசோட ஒப்பிடாதீங்க. சீவின அன்னைக்குச் சூடு ஏறினாலும் பதற வேண்டாம்.

இங்கேதான் நான் இந்தக் கருவி மேல நம்பிக்கை வைக்கிறதும் சந்தேகப்படுறதும். நெதர்லாந்தில் 304 பேரை 18 மாசம் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. வீட்டில் அளந்தவங்களில் 29 சதவீதம், அளக்காதவங்களில் 37 சதவீதம் பேருக்குப் புண். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம்னுதான் அவங்க கணக்கு சொல்லுச்சு. ஆனா சூடு தெரிஞ்சப்போ நடையைக் குறைச்சவங்களுக்குப் புண் தெளிவா குறைவு. அளந்துட்டு அதே செருப்பில் அதே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா தெர்மல் படம் வெறும் ஆல்பம்தான்.

சாலிடர் | 2 ஏப்ரல், இரவு 9:15

டாக்டருக்கு வாட்ஸாப்பில் படம் அனுப்புறவங்களுக்கு: படமா அனுப்பினா வெப்ப எண்கள் எல்லாம் உதிர்ந்துடும், வெறும் வண்ணப்படம்தான் போய்ச்சேரும். இந்தக் கேமராவின் ஜேபிஜி கோப்புக்குள் ஒவ்வொரு புள்ளியின் மூல அளவும் ஒளிஞ்சிருக்கு. ‘டாக்குமென்ட்’டா அனுப்பினா மட்டும் அது பிழைக்கும், அப்புறம் கணினியில் திறந்து எந்த இடத்தையும் அளக்கலாம். கோப்புப் பெயரில் ஆள் பேர் வைக்காதீங்க, கிளினிக் எண் போதும்.

மணல்மேடு | 3 ஏப்ரல், காலை 7:50

தனியா இருக்கிறவர் கண்ணாடி வெச்சுத் தன் உள்ளங்காலை எடுக்கலாமா?

சாலிடர் | 3 ஏப்ரல், காலை 8:30

வீட்டுக் கண்ணாடியில் எடுத்தா கண்ணாடியோட வெப்பம்தான் வரும், கால் மங்கலா பேய் மாதிரித் தெரியும். வெப்பக் கதிருக்குக் கண்ணாடி சுவர் மாதிரி. உலோகத் தட்டில்தான் பிரதிபலிக்கும். எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டில் உருவம் தெரியும், அளவு தேறாது. பக்கத்துவீட்டுப் பையனைக் கூப்பிடறது உத்தமம். ஆளே இல்லேன்னா கையடக்க அகச்சிவப்புத் தெர்மாமீட்டர். நெத்தியில் காட்டுற வகையா இருந்தா ‘உடம்பு’ முறையில் வைக்காதீங்க, அது எல்லாத்தையும் 36 பக்கம் இழுத்துட்டுப் போயிடும். ‘பரப்பு’ முறைக்கு மாத்துங்க. ஆறு இடம், ரெண்டு கால், நோட்டில் பன்னிரண்டு எண்.

கால்நோட்டம் | 6 மே, பகல் 2:00

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சாச்சு, மார்ச்சில் எழுதினதைத் திருத்தணும். ஏசி இல்லாத அறை 36 டிகிரின்னா தோலும் அறையும் ஒண்ணாயிடும், பாதத்தோட விளிம்பே மறைஞ்சுடும். கருவிக்கும் 35-க்கு மேல வேலை செய்ய அனுமதியில்லை, சார்ஜ் ஏத்தறது 30-க்குள் இருக்கணும். பேட்டரி ஒரு மணி நேரம்தான், வெயிலில் வண்டி டிக்கியில் வெச்சுட்டு வந்து எடுக்காதீங்க. காலை ஏழு மணிக்கு முன்னாடி, எழுந்து நடமாடறதுக்கு முன்னாடி அளக்கிறது இந்த மாசத்துக்கு நல்லது.

மதியம் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோட சுத்திட்டு வந்தவரை அன்னைக்கு எடுக்காதீங்க. அழற்சியா, கருங்கல் சூடான்னு பிரிக்க முடியாது. ஆனா எடுக்காம விட்டாலும் கொப்புளம் இருக்கான்னு பாருங்க. மரத்த கால் கொதிக்கிற கல்லில் நின்னதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

மணல்மேடு | 9 மே, மாலை 5:40

58 வயசுக்காரர்: மெத்தை மாத்தி ஆறு வாரம். நேத்து நேரா 1.1, திருப்பி 0.3. இன்னைக்கு 1.0, 0.3. பழைய மாதிரி காலையில் நடைப்பயிற்சி போகலாமான்னு கேட்கிறார்.

கால்நோட்டம் | 9 மே, மாலை 6:05

0.7, 0.65. டாக்டர் தோலைப் பார்த்து சரின்னா, முதல் வாரம் பத்து நிமிஷம், மறுநாள் காலையில் அளவு. 1.5 தாண்டாம இருந்தா அடுத்த வாரம் இன்னும் ஐந்து நிமிஷம். மெத்தையை மாசத்துக்கு ஒருதடவை விரலால் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்க. கேமரா கோணல் இன்னும் அதே 0.4-தான், கவனிச்சீங்களா.

மணல்மேடு | 9 மே, மாலை 6:12

கவனிச்சேன். கேன்டீன்காரர் டம்ளர் ரெண்டையும் கேட்டுட்டே இருக்கார்.

சாலிடர் | 9 மே, மாலை 6:20

டேப்பைப் பிய்ச்சுட்டுக் கொடுங்க. பிசின் போகலேன்னா கொஞ்சம் தேங்காயெண்ணெய்.